வேதமா, சபையா, அனுபவமா?
கன்டர்பரிப் பிணக்கு எழுப்பும் பழைய வினா

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் நாள், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பீடமாகிய கன்டர்பரிக்கு 106ஆவது பேராயராகச் சாரா முலாலி அம்மையாரின் பெயர் அறிவிக்கப்பட்டது. மருத்துவத் தாதியாக வாழ்க்கையைத் தொடங்கி, இங்கிலாந்தின் தலைமைத் தாதி அதிகாரியாகக் கடமையாற்றி, பின்னர் குருத்துவம் ஏற்று, 2018இல் இலண்டன் அத்தியட்சராக உயர்ந்தவர் அவர். அப்பீடத்துக்குப் பெண்ணொருவர் தெரிவானது அதுவே முதன்முறை. இரு வாரம் நிறையுமுன், ஒக்டோபர் 16ஆம் நாள், 'கஃப்கொன்' எனச் சுருக்கமாக வழங்கும் உலக அங்கிலிக்கன் எதிர்கால மாநாட்டின் சார்பில் றுவாண்டாப் பேராயர் லோரன்ட் இம்பாண்டா ஓர் அறிக்கை விடுத்தார். கன்டர்பரிப் பேராயர், லம்பெத் மாநாடு, அங்கிலிக்கன் ஆலோசனைச் சபை, தலைமை அத்தியட்சர் கூட்டம் என்னும் நான்கையும் ஒன்றியத்தின் கருவிகளாகத் தாம் இனி ஏற்பதில்லை என்றும், அங்கிலிக்கன் ஒன்றியத்துக்கு வேதாகமம் ஒன்றே அத்திவாரம் என்றும் அவ்வறிக்கை கூறிற்று.

பத்திரிகைகள் இதனைப் பெண் தலைமை பற்றிய பூசலாகவோ, ஒருபாலினத்தார் இணைவுக்கு ஆசி வழங்கலாமா என்ற பூசலாகவோ வருணித்தன. அது பிழையன்று. 1998 லம்பெத் மாநாட்டின் தீர்மானம், 2003இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் நிகழ்ந்த அத்தியட்சர் அபிஷேகம், 2008இல் எருசலேமில் கூடிய முதலாவது கஃப்கொன் மாநாடு, 2023 பெப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொது மன்றம் ஆசி மன்றாட்டுகளுக்கு வழிவிட்டமை, அதே ஆண்டு ஏப்பிரலில் கிகாலியில் எழுந்த கண்டனம் என இப்பிணக்கு கால் நூற்றாண்டாக வளர்ந்து வந்திருக்கிறது. ஆயினும் இவையெல்லாம் கிளைகள், வேர் வேறு. ஒரு விசுவாசி 'இது தேவ சித்தம்' என்று சொல்லும்போது, அதனை எந்த ஆதாரத்தின் மேல் நின்று சொல்கிறான்? ஆதாரங்கள் ஒன்றோடொன்று முரணுமாயின், எது எதற்கு வழிவிட வேண்டும்? இவ்வினாவையே நான் இங்கு ஆராய முற்படுகிறேன்.

இது நமக்குத் தொலைதூரத்து வழக்கன்று. கொழும்பு, குருநாகல் ஆகிய இரு மறைமாவட்டங்களைக் கொண்ட இலங்கைத் திருச்சபை தனி மாகாணமாக அமையாது, கன்டர்பரிப் பேராயரையே தன் மேலாளராகக் கொண்டு வந்துள்ளது. ஆகவே அப்பீடம் ஆடும்போது அதன் அதிர்வு இத்தீவிலும் உணரப்படுகிறது.

அளவைகளின் மொழியில்

தமிழ் வாசகனுக்கு இவ்வினா புதியதன்று. ஒரு பொருளை மெய்யென்று கொள்வதற்கு எவை அளவைகள் என்று தீர்த்த பின்னரே பொருளாராய்ச்சியுட் புகுவது நம் தத்துவ மரபு. அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரில் காட்சி, கருதல், உரை என்ற மூன்றனுள் ஏனைய அளவைகளை அடக்கிக் காட்டிய பிறகே நூலை மேற்கொண்டு நடத்துகிறார். சுருதி, யுக்தி, அனுபவம் என்ற மும்மையும் நம் ஆன்றோர் நாவிற் பழகியதே.

இம்மும்மையைக் கிறிஸ்தவ இறையியலுக்கு எடுத்தாண்டவர் ஒரு தமிழர். பாளையங்கோட்டையிற் பிறந்து, தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர் அத்தியட்சராகப் பணியாற்றிய ஏ. ஜே. அப்பாசாமி அவர்கள், கிறிஸ்தவனுக்குரிய பிரமாணங்கள் சுருதி, யுக்தி, அனுபவம் என்று வகுத்துப் பின்னர் அவற்றோடு 'சபை' என்பதனையும் சேர்த்தார். மேனாட்டார் வேதம், மரபு, நியாய அறிவு, அனுபவம் என்று நான்காக எண்ணுவனவும் இவையே. எண்ணுவது எளிது, நிறுப்பதே கடினம்.

நிறுவையில் சபைகள் வேறுபடுகின்றன. உரோமச் சபை 1546இல் திரெந்து சங்கத்தில், வேதத்தையும் எழுதப்படாத அப்போஸ்தல மரபுகளையும் ஒத்த பக்தியோடு ஏற்பதாகக் கூறிற்று. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் பாப்பரசரின் வழுவாமையை வரையறுத்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேதமும் மரபும் ஒரே ஊற்றினின்று சுரப்பவை என்றும், போதிக்கும் அதிகாரம் தேவ வார்த்தைக்கு மேலானதன்று, அதற்கு ஊழியஞ் செய்வது என்றும் விளக்கிற்று.

இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது சமயக் கோட்பாடுகளோ, இரட்சிப்புக்கு வேண்டியவை யாவும் வேதத்தில் உள. அதில் இல்லாததை எவர்மீதும் சுமத்தலாகாது என்று ஆறாவது கோட்பாட்டில் வரம்பு கட்டின. இருபதாவது கோட்பாட்டில், விசுவாசம் பற்றிய பிணக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் சபைக்கு உண்டு எனவும் உரைத்தன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேதான் இன்றைய புயல் வீசுகிறது.

அங்கிலிக்கன் மரபு மூன்று கால் முக்காலி போன்றது, வேதமும் மரபும் அறிவும் சம நீளக் கால்கள் என்று பலர் கூறி, அதனை றிச்சட் ஹூக்கர் என்னும் பதினாறாம் நூற்றாண்டு அறிஞர் தலையில் ஏற்றுவர். முக்காலி உவமை அவர் நூலில் இல்லை. வேதம் தெளிவாகக் கூறுவதற்கே முதலிடம். அடுத்து அறிவின் வழி முடிவாகப் பெறப்படுவது. அவற்றுக்குப் பின்னரே சபையின் குரல். இதுவே 1597இல் வெளிவந்த அவருடைய ஐந்தாம் புத்தகத்தின் வரிசை. அவர் அமைத்தது படிக்கட்டு; பிற்காலத்தார் அதனை முக்காலி ஆக்கினர். இதே விபத்து மெதடிஸ்தருக்கும் நேர்ந்தது. வெஸ்லியின் போதனையிலிருந்து அல்பர்ட் அவுட்லர் திரட்டிய நாற்கோணக் கொள்கை 1972இல் அமெரிக்க ஐக்கிய மெதடிஸ்த சபையின் ஒழுங்கு நூலில் இடம்பெற்றது. நான்கும் சமமெனப் பொருள் கொள்ளப்படுவதைக் கண்டு, வேதத்தின் முதன்மையை 1988இல் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. அச்சேர்க்கையும் பிளவைத் தடுக்கவில்லை. 2019க்கும் 2023க்கும் இடையில் ஐக்கிய அமெரிக்காவிலுள்ள அதன் சபைகளில் ஏறக்குறைய காற்பங்கு பிரிந்து சென்றது.

'வேதம் மட்டும்' என்பாரின் வலிமை

கஃப்கொன் தரப்பினரைப் பழமைவாதிகள் என்று ஒரு சொல்லால் தள்ளிவிடுவது நேர்மையன்று. வேதமே இறுதித் தீர்ப்பு என்ற கொள்கையில் ஒரு பெரும் விடுதலை அடங்கியிருக்கிறது. 1521இல் வோர்ம்ஸ் நகரில் மார்ட்டின் லூதர் பேரரசன் முன்னிலையில் நின்றபோது, வேதத்தாலோ தெளிவான நியாயத்தாலோ தம்மை மறுத்துக் காட்டினாலன்றித் தம் சொல்லை மீளப்பெற இயலாது என்றார். எழுத்தறிந்த ஓர் ஏழைக் குடியானவன், நூலைக் கையிலேந்தி, 'நீர் சொல்வது இதில் எங்கே உளது?' என்று அத்தியட்சரையும் வினவலாம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று.

ஆபிரிக்கரின் குற்றச்சாட்டிலும் கூர்மை உண்டு. உங்கள் மிஷனரிமார் இந்நூலைக் கொண்டுவந்தார்கள், எங்கள் முன்னோரின் வழக்கங்களை இந்நூலாலேயே கண்டித்தார்கள், நாங்கள் நம்பினோம். இன்று அந்நூலின் பொருள் உங்கள் நாட்டில் மாறிவிட்டது என்று மீண்டும் நீங்களே வந்து போதிப்பதா என்று அவர்கள் கேட்கிறார்கள். இதற்கு இலண்டன் இன்னும் தக்க விடை அளித்ததாக எனக்குத் தோன்றவில்லை. இளைய சபைகளை மெல்லக் கற்கும் மாணவராக எண்ணும் போக்கு, பேரரசு மறைந்த பின்னும் மறையவில்லை.

ஆனால், அக்கொள்கையின் வலிமையை ஒப்புக்கொண்ட பின்னரும் நான்கு தடைகள் எஞ்சுகின்றன.

முதலாவது, வேதம் எது என்பதை வேதம் கூறவில்லை. இன்று நாம் அறியும் இருபத்தேழு புதிய ஏற்பாட்டு நூல்களையும் அப்படியே பட்டியலிட்டவர் அலெக்சாந்திரியாவின் அதனாசியுஸ், ஆண்டு 367. சபை அந்நூல்களுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை, அவற்றில் இருந்த அதிகாரத்தைக் கண்டுகொண்டது என்று சீர்திருத்தச் சபையார் விடை கூறுவர். அவ்விடை பொருத்தமானதே. எனினும் கண்டுகொண்ட கண் சபையின் கண்ணல்லவா?

இரண்டாவது, வேதத்தைக் காக்க வேதத்துக்கு வெளியே சொல் தேட நேர்ந்தது. 325இல் நீசேயாவில் கூடிய சங்கத்தின் 1700ஆம் ஆண்டு நிறைவு 2025இல் கொண்டாடப்பட்டது. பாப்பரசர் பதினான்காம் லியோவும் கொன்ஸ்தாந்திநோபிள் முதுமுதல்வர் பர்த்தலமேயுவும் நவம்பர் 28ஆம் நாள், இன்று துருக்கியில் இஸ்னிக் எனப்படும் அத்தலத்தில் ஒன்றாக மன்றாடினர். அச்சங்கத்தில் நடந்ததென்ன? ஆரியுஸ் வேதத்தை அறியாதவனல்லன். நீதிமொழிகள் எட்டாம் அதிகாரத்தைத் தன் தரப்புக்குச் சான்றாக எடுத்தாண்டவன். எதிர்த்தரப்பாரும் வேதத்தையே காட்டினர். வசனத்துக்கு வசனம் ஈடாக நின்றபோது, 'தந்தையோடு ஒரே தன்மையர்' எனப் பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லைச் சங்கம் கையாண்டது. அச்சொல் வேதத்தில் இல்லை. இன்று வேதமொன்றே போதும் என்பாரும் அந்த விசுவாசப் பிரமாணத்தை ஞாயிறுதோறும் ஓதுகின்றனர்.

மூன்றாவது, 'வெளிப்படையான பொருள்' என்பது மொழிபெயர்ப்பாளர் கை வழியே வருகிறது. தமிழ்க் கிறிஸ்தவன் இதனை நன்கறிவான். பப்ரீசியுஸ் ஐயரின் வேதத்தில் 'பராபரன்' என்றிருந்தது, 1871இல் நிறைவெய்திய ஐக்கிய மொழிபெயர்ப்பில் 'தேவன்' ஆயிற்று. 1995இன் பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்' ஆயிற்று. ஒவ்வொரு சொல்லின் பின்னும் ஒரு விவாதமும், ஒரு குழுவின் தீர்மானமும், ஒரு காலத்தின் செவியும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் ஐயருக்கு வேதமொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதியபோது, சைவக் கிரியைகளைப் பழித்த மிஷனரிமாருக்கு அவர்களுடைய வேதத்திலிருந்தே பலியும் தூபமும் தீபமும் ஆலயமும் எடுத்துக் காட்டினார். வெளிப்படையான பொருளே பொருள் என்றால் நாவலர் காட்டியதும் வெளிப்படையான பொருளே. அவை பழைய உடன்படிக்கைக்குரியவை, கிறிஸ்துவில் நிறைவுற்றவை என்று மிஷனரிமார் விடை கூறியபோது, அவர்கள் வசனத்தை விட்டு வியாக்கியான மரபைப் பற்றிக்கொண்டார்கள்.

நான்காவது, வேதமே அத்திவாரம் என்று ஒன்றுபட்டவரிடையேயும் தீர்ப்பு ஒன்றுபடவில்லை. கஃப்கொன் அணியிலுள்ள கென்யாத் திருச்சபை 2021இல் றோஸ் ஒக்கெனோ அம்மையாரைப் புத்தேரே மறைமாவட்ட அத்தியட்சராக அபிஷேகஞ் செய்தது. அவ்வணியின் வேறு சபைகளுக்கு அது உடன்பாடன்று. எருசலேம் அறிக்கையே, சபை காலங்காலமாக ஒருமித்து வாசித்த முறைக்கு மதிப்பளித்து வேதத்தை வாசிக்க வேண்டும் என்று சொல்கிறது. 2025 அறிக்கையும் தலைமை அத்தியட்சர்களின் மன்றம் ஒன்றினை அமைத்து அதற்கொரு தலைவரைத் தெரிவு செய்யப்போவதாகக் கூறிற்று. முன்வாசலால் அனுப்பிவைத்த சபையதிகாரம் பின்வாசலால் வந்து அமர்ந்துகொள்கிறது. இதனை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. வாசிப்பவர் கூட்டமின்றி நூல் தானாகப் பேசுவதில்லை என்பதே இதன் பாடம்.

மரபின் நிழல்

அப்படியாயின் சபையின் குரலிலேயே சரணடையலாமா? சமயக் கோட்பாடு உயிருள்ள விதைபோல் வளர்வது என்று 1845இல் நியூமன் எழுதிய கருத்து மிக ஆழமானது. ஆனால் வளர்ச்சி எது, நோய்க்கட்டி எது என்று பிரித்தறிய ஓர் உரைகல் வேண்டுமே. சபையே நோயாளியாகவும் சபையே வைத்தியனாகவும் இருந்தால் நாடி பார்ப்பவர் யார்?

2024 நவம்பரில் கன்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி துறப்பதாக அறிவித்தார். சிறுவரையும் இளைஞரையும் கொடுமைப்படுத்திய ஒருவனைப் பற்றிய முறைப்பாடு 2013இல் உயர்மட்டத்துக்கு எட்டிய பின்னரும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று மேக்கின் விசாரணை அறிக்கை கண்டதே காரணம். ஸ்தாபனத்தின் மானம் காக்கப்பட்டது, பிள்ளைகள் காக்கப்படவில்லை. சபை பேசியதைவிட, காயப்பட்டவர் சொன்னதே உண்மையாக இருந்தது.

பெரும்பான்மை வாக்கும் இக்குறையைத் தீர்க்காது. பெண்களுக்குக் குருத்துவம் வழங்கும் தீர்மானம் 1992 நவம்பரில் இங்கிலாந்தின் பொது மன்றத்தில் வந்தபோது, ஒவ்வோர் அவையிலும் மூன்றில் இரு பங்கு வேண்டப்பட்டது. பொதுநிலையினர் அவையில் இருவர் மாற்றி வாக்களித்திருப்பின் அது தோற்றிருக்கும். அத்தீர்மானத்தை வரவேற்பவன் நான். எனினும் சத்தியம் இரு வாக்குகளிலே தொங்குவதாக எண்ண என் மனம் ஒப்பவில்லை. வாக்கு ஒரு முடிவைத் தரும், சான்றைத் தராது.

அனுபவத்தின் இரு முகங்கள்

அனுபவத்தைப் பிரமாணமாகக் கொள்வாருக்குச் சாதகமான சான்று அமெரிக்க அடிமை வழக்கு. அடிமைகள் எசமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனங்கள் புதிய ஏற்பாட்டில் உள. தென்மாநிலத்துப் போதகர்கள் அவற்றின் வெளிப்படையான பொருளையே பிரசங்கித்தனர். மெதடிஸ்தர் 1844இலும் பப்திஸ்தர் 1845இலும் இதன் பொருட்டுப் பிளந்தனர். தென் பப்திஸ்தர் தம் பிழைக்கு மன்னிப்புக் கேட்டது 1995இல். நூற்றைம்பது ஆண்டுகள்! வேதம் மாறவில்லை. எகிப்தின் அடிமைத்தளையை உடைத்த அதே வேதத்தை, சங்கிலி பூண்டவன் வேறு கண்ணால் வாசித்தான். அவன் வாசிப்பே சரியென்று பின்னர் எல்லோரும் ஒப்பினர்.

இன்னொரு சான்று கீழ்த்திசையினது. போர்க்காலத்தில் மக்காவோவிலிருந்த விசுவாசிகளுக்கு நற்கருணை வழங்கக் குரு ஒருவரும் செல்ல இயலாதிருந்தது. 1944 சனவரியில் ஹொங்கொங் அத்தியட்சர் றொனால்ட் ஹோல், அங்கே பணிபுரிந்த லீ டிம் ஓய் என்ற பெண்மணியைக் குருவாக அபிஷேகஞ் செய்தார். அங்கிலிக்கன் ஒன்றியத்தில் அவரே முதற் பெண் குரு. போர் முடிந்ததும் கண்டனம் எழ, 1946இல் அவர் குருப்பணியைத் தாமே விட்டு ஒதுங்கினார். எழுபதுகளிலேதான் ஹொங்கொங் அவருடைய குருத்துவத்தை மீண்டும் ஏற்றது. சாரா முலாலி அம்மையார் ஏறிய படிகளில் முதற்படி, பசித்த ஒரு சபையின் தேவையிலே வெட்டப்பட்டது.

ஆனால் அனுபவத்துக்கு மறுமுகமும் உண்டு. 1933இல் ஜேர்மனியின் 'ஜேர்மானியக் கிறிஸ்தவர்கள்' என்ற இயக்கத்தார், தம் இனத்தின் எழுச்சியில் தேவன் செயலாற்றுவதைக் கண்கூடாகக் காண்பதாகக் கூறினர். அதுவும் அனுபவமே, இலட்சக்கணக்கானோரின் கண்ணீர் மல்கும் அனுபவம். அதற்கெதிராக 1934 மே மாதத்தில் பார்மனில் கூடியோர், கார்ல் பார்த் தீட்டிய அறிக்கையின் வாயிலாக, வேதத்தில் சான்று பகரப்படும் இயேசு கிறிஸ்துவே தேவனுடைய ஒரே வார்த்தை, அதனருகே வேறு நிகழ்ச்சியையோ வல்லமையையோ வெளிப்பாடாக ஏற்கமாட்டோம் என்று முழங்கினர். அன்று வேதமொன்றே என்ற குரல் எழும்பாதிருந்தால் ஜேர்மன் சபை தன் மனச்சாட்சியை முற்றாக இழந்திருக்கும்.

இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே மனத்தில் வைத்திராதவர் இவ்வழக்கிற் பேசத் தகுதியற்றவர் என்பேன். அமெரிக்கா, வசனத்தை மட்டும் பற்றியோர் அயலானின் ஓலத்தைக் கேளாது போன கதை. ஜேர்மனி, காலத்தின் குரலைத் தேவகுரலாகக் கொண்டோர் அயலானையே பலியிட்ட கதை. ஆகவே அனுபவம் என்று சொல்லும்போது யாருடைய அனுபவம் என்று கேட்க வேண்டும். ஆள்வோனின் களிப்பா, அடிபட்டவனின் சாட்சியா? இரண்டும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவையல்ல.

எருசலேமில் ஒரு முன்மாதிரி

நிறுக்கும் முறைக்கு முன்மாதிரி வேண்டுவோர் அப்போஸ்தலர் நடபடிகளின் பதினைந்தாம் அதிகாரத்தை நோக்கலாம். புறவினத்தார் விருத்தசேதனமின்றிச் சபையிற் சேரலாமா என்பது வழக்கு. வேதத்தின் வெளிப்படையான பொருள் விருத்தசேதனம் வேண்டுவோர் பக்கம். முதலில் நீண்ட விவாதம். பின்னர் பேதுரு எழுந்து, புறவினத்தார்மீது ஆவி இறங்கியதைத் தாம் கண்ட அனுபவத்தைக் கூறுகிறார். பர்னபாவும் பவுலும் அதற்குச் சான்று சேர்க்கின்றனர். அதன்பின் யாக்கோபு தீர்க்கதரிசி ஆமோசை எடுத்து, அவ்வனுபவத்துக்கு வேதத்தில் இடமுண்டா என்று சோதிக்கிறார். இறுதியாகச் சபை முழுவதும் இசைந்து நிருபம் எழுதுகிறது. இன்றியமையாதவை தவிர வேறு பாரத்தைச் சுமத்துவதில்லை என்பதே அதன் சாரம்.

அனுபவம் வினாவை எழுப்பிற்று, நியாயம் விவாதித்தது, வேதம் உரைகல்லாயிற்று, சபை தீர்த்தது. ஒன்றும் மற்றொன்றை வெளியேற்றவில்லை. ஒன்றும் மற்றொன்றாக நடிக்கவுமில்லை. என் கருத்தில் வேதம் தலைமைச் சாட்சி. ஆனால் சாட்சியைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அவமதிப்பாகாது. அதன் சொல்லை முழுமையாகக் கேட்பதற்கு அதுவே வழி. மரபு, முன்னோர் அச்சாட்சியை எவ்வாறு கேட்டனர் என்ற பதிவு. நியாயம், கேள்வியை ஒழுங்குபடுத்தும் வழக்கறிஞன். அனுபவம், தீர்ப்பின் சுமையைத் தாங்கப்போகிறவனின் முறையீடு. முறையீடு தானே தீர்ப்பாகாது. அதனைக் கேளாத தீர்ப்போ நீதியாகாது.

இவ்வளவும் கூறிய பின்னரும், கன்டர்பரிக்கும் கிகாலிக்கும் இடையிலுள்ள பிளவு இதனால் ஆறிவிடும் என நான் எண்ணவில்லை. ஒரே நான்கு சாட்சிகளையும் கேட்டு, நேர்மையுள்ள இருவர் வேறு வேறு தீர்ப்புக்கு வருதல் கூடும். ஆயின் ஒரு பயனுண்டு. 'நாங்கள் வேதத்தைப் பற்றியவர், நீங்கள் உலகத்தைப் பற்றியவர்' என்று ஒரு தரப்பும், 'நாங்கள் அறிவுடையோர், நீங்கள் எழுத்துக்கு அடிமைகள்' என்று மறுதரப்பும் கூறும் வசை அடங்கும். இரு தரப்பாரும் நான்கையும் பயன்படுத்துகின்றனர். வேறுபாடு வரிசையிலும் நிறுவையிலுமே உளது. அவ்வாறு ஒப்புக்கொண்டோர் பிரிந்து நின்றும் ஒருவரோடொருவர் பேசலாம்.

நம் நாட்டுச் சபைகளுக்கும் இது படிப்பினை. 1947இல் அங்கிலிக்கனும் மெதடிஸ்தரும் ஐக்கிய சபையாரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையை நிறுவியபோது, அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணச் சபையும் அதில் இணைந்தது. குலேந்திரன் ஐயர் அதன் முதல் அத்தியட்சரானார். அத்தியட்சர் பதவி வேதத்தால் வந்ததா, மரபால் வந்ததா என்ற தீராத வழக்கைத் தீர்த்து முடித்த பிறகன்று அவர்கள் ஒன்றுசேர்ந்தது. அப்பதவிக்கு ஒரே விளக்கத்தை எவர்மீதும் சுமத்தாமலே அதனை ஏற்றுக்கொண்டனர். கன்டர்பரியிலிருந்து கிகாலிவரை இன்று பேசுவோர், தமிழ் நிலத்தில் நடந்த அம்முயற்சியை எடுத்துப் படிப்பது நன்று. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அறுதியிட்டுக் கூறாமலே, அதன் கீழ் ஒருங்கே வாழ இயலும் என்பதற்கு அது சான்று.